ஓரினச்சேர்க்கை, தன்பாலீர்ப்பு, பால்புதுமையர்: அக்கா மகனுக்கு எந்தச் சொல்?

ஆனித் தேரோட்டத்துக்கு ஊருக்கு வந்திருந்த அக்கா மகன், தேர் நிலைக்கு வந்த மறுநாள் பாளையங்கோட்டைக்கு என் வீடு தேடி வந்தான். சென்னையில் வேலை பார்க்கிறான். வயது 27. காபியைக் கையில் வாங்கிக்கொண்டு, குடிக்காமலேயே சொன்னான்:

"சித்தி, இந்தத் தடவை அம்மாவிடம் சொல்லிவிடப் போகிறேன். என்ன சொல்ல வேண்டும் என்பது தெரியும். எந்தச் சொல்லால் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. நீங்கள் தமிழ் திருத்துகிறவர்தானே, சொல்லுங்கள்."

அவன் மனம் ஆண்களிடம்தான் போகிறது என்பது எனக்கு மூன்று வருடங்களாகத் தெரியும். கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் என் அக்காவுக்குத் தெரியாது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் அக்கா. ஆனால் நாளிதழை முதல் பக்கத்தில் தொடங்கி வரன் விளம்பரம் வரை ஒரு வரி விடாமல் வாசிப்பாள். ஒரு வருடமாக அந்த வரன் பக்கத்தைக் கத்தரித்து எடுத்து வைக்கவும் தொடங்கியிருந்தாள். அதனால்தான் அவனுக்கு அவசரம்.

நான் 22 ஆண்டுகளாக அச்சகங்களுக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுக்கிறேன். ஒரு சொல்லை அடித்துவிட்டு இன்னொரு சொல்லை ஓரத்தில் எழுதுவது என் அன்றாட வேலை. அந்த வேலை அன்றைக்குக் கனத்ததைப்போல் என்றைக்கும் கனத்ததில்லை. பழைய மெய்ப்புத் தாள் ஒன்றின் பின்பக்கத்தில், அவனுக்குத் தெரிந்த சொற்களையும் எனக்குத் தெரிந்த சொற்களையும் எழுதினோம். மதியச் சாப்பாடு வரைக்கும் அதே பேச்சுத்தான்.

முதலில் எழுதிய சொல் ஓரினச்சேர்க்கை. பத்திரிகை படிக்கிற எந்தத் தமிழருக்கும் தெரிந்த சொல். அக்காவுக்கும் தெரியும். அதுதான் அதன் பலம், வேறு பலம் எனக்குத் தெரியவில்லை. இந்தச் சொல்லை நானே எத்தனையோ மெய்ப்புகளில் ஒற்றுப்பிழை மட்டும் பார்த்துவிட்டுக் கடந்திருக்கிறேன். "ச்" விழுந்திருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, சொல் சரியா என்று பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் அதைப் பிரித்துப் பார்த்தேன்.

ஓர் இனம் என்றால் என்ன? எழுத்தில் இனம் உண்டு. ககரத்துக்கு ஙகரம் இன எழுத்து, சகரத்துக்கு ஞகரம். பறவையில், மாட்டில் இனம் உண்டு. ஆணும் பெண்ணும் வேறு வேறு இனம் அல்ல, ஒரே மனித இனத்தின் இரண்டு பால். தமிழ் இலக்கணம் இதைத் தெளிவாகவே வைத்திருக்கிறது: ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால். அப்படியானால் "ஓரினச்சேர்க்கை" என்ற சொல், எழுத்துக்கு எழுத்து பார்த்தால், உலகத்தில் நடக்கும் எல்லாத் திருமணத்துக்கும் பொருந்தும்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் "இனம்" என்றாலே காதில் விழுவது "இனசனம்". சொந்தபந்தம், அதற்கும் மேலே சாதி. "நம் இனத்தில் பையன் இருக்கிறானா?" என்று கேட்டால் யாரும் உயிரியலை நினைப்பதில்லை. ஓரினத்தில் சேர்க்கை வேண்டும் என்றுதானே இங்கே தரகரிடம் சாதகத்தைக் கொடுத்து வைக்கிறார்கள். அந்த இனத்தைத் தாண்டிக் காதலித்ததற்காகப் பிள்ளைகளைக் கொன்ற மண்ணும் இதுதான். இப்படிப்பட்ட ஊரில் ஒரு பையனின் மனத்தைச் சொல்ல "இனம்" என்ற சொல்லை எடுப்பது, எரிகிற அடுப்பில் இன்னொரு விறகைச் செருகுவது.

"சேர்க்கை" அதைவிட மோசம். மே மாதம் பாளையங்கோட்டைச் சுவர்களில் "மாணவர் சேர்க்கை நடைபெறுகிறது" என்று எழுதும்போது அது நல்ல சொல். வீட்டுக்குள் வந்துவிட்டால் அதன் முகம் வேறு. "பையனுக்குச் சேர்க்கை சரியில்லை" என்றால் கெட்ட சகவாசம் என்று பொருள். அக்காவின் மனம் போகும் வழி எனக்குத் தெரியும். "ஓரினச்சேர்க்கை" என்று மகன் வாயைத் திறந்தால், சென்னையில் கூட இருக்கும் பையன்களை அவள் ஒவ்வொருவராகச் சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவாள். ஊருக்குக் கூப்பிட்டு வந்துவிட்டால் சரியாகிவிடும் என்று நம்புவாள். அவளிடம் அந்தச் சொல் பேசுவது மகனின் இயல்பைப் பற்றி அல்ல, யாரோ பழக்கிவிட்ட பழக்கத்தைப் பற்றி.

அதோடு, "சேர்க்கை" என்பது ஒரு செயல். 14 வயதில், யாரையும் தொட்டிராத காலத்திலேயே தனக்கு இது தெரியும் என்று அவன் என்னிடம் சொல்லியிருக்கிறான். கல்யாணம் ஆகாத ஒரு பெண்ணைப் பற்றிப் பேசும்போது அவளுடைய படுக்கையைச் சுட்டும் சொல்லால் அவளை யாரும் அறிமுகப்படுத்துவதில்லை. என் அக்கா மகனுக்கு மட்டும் ஏன் அப்படி ஒரு பெயர்?

இந்தச் செயல் நோக்கிய பார்வை எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், சட்டம் நினைவுக்கு வருகிறது. 1860இல் ஆங்கில அரசு இயற்றிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு, "இயற்கையின் ஒழுங்குக்கு மாறான" உடலுறவு என்று ஒரு செயலைத்தான் குற்றமாக்கியது. அந்தப் பிரிவைப் பற்றிய செய்திகளில்தான் நம் ஊர் வாசகர்கள் இந்த விஷயத்தை அதிகமாகச் சந்தித்தார்கள். 2009 ஜூலை 2 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் வயதுவந்தோர் மனம் ஒத்த உறவை அந்தப் பிரிவிலிருந்து விலக்கியது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. 2018 செப்டம்பர் 6 அன்று அதே உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமித்த முடிவாக, அந்த உறவு குற்றமல்ல என்று தீர்த்தார்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. சட்டம் போய்விட்டது. அதன் வாடை மட்டும் சொல்லில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

ஐரோப்பியச் சொல்லின் கதையையும் அவனுக்குச் சொன்னேன். "ஹோமோசெக்சுவல்" என்ற சொல்லை ஜெர்மன் மொழியில் 1869இல் முதலில் அச்சில் கொண்டுவந்தவர் கெர்ட்பெனி என்ற எழுத்தாளர். ஆண்களுக்கிடையிலான உறவைத் தண்டித்த பிரஷ்ய நாட்டுச் சட்டத்தை எதிர்த்து எழுதிய துண்டறிக்கையில்தான் அந்தச் சொல் பிறந்தது. அதில் உள்ள "ஹோமோ" கிரேக்கச் சொல், "ஒத்த" என்று பொருள். "செக்ஸ்" என்பதற்கு ஆண் பெண் என்ற பால் என்றும் பொருள் உண்டு, உடலுறவு என்றும் பொருள் உண்டு. நாம் தமிழாக்கியபோது பாலை விட்டுவிட்டு உறவைப் பிடித்துக்கொண்டோம். அந்தச் சொல்லின் முதல் துண்டான "ஹோமோ" மட்டும் தனியே உடைந்து, நம் பள்ளி மைதானங்களில் வசவாகத் திரிகிறது. அவன் அந்த வசவையும், அதைவிடப் பழைய "ஒன்பது" என்ற வசவையும் பன்னிரண்டாம் வகுப்பு வரை கேட்டவன். அவற்றைத் தாளில் எழுத வேண்டாம் என்றான். எழுதவில்லை.

இரண்டாவது, தன்பாலீர்ப்பு. இதற்கு நான் முதலிலேயே சாய்ந்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திருத்துகிறவள் என்ற முறையில் இதன் குறையையும் சொல்ல வேண்டியிருந்தது. "தன்பால்" என்றால் "தன்னுடைய பால்" மட்டும் அல்ல, "தன்னிடம்" என்றும் பொருள். "காந்தம் இரும்பைத் தன்பால் ஈர்க்கும்" என்று படித்திருக்கிறோம். இரங்கல் கூட்டங்களில் "கேட்போரைத் தன்பால் ஈர்த்த பேச்சாளர்" என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அந்தப் பழக்கத்தில் படிக்கிறவருக்கு, தன்பாலீர்ப்பு என்பது பிறரைத் தன்னிடம் இழுக்கும் கவர்ச்சி என்று தோன்றலாம். இது கற்பனையான பயம் அல்ல. "தன்பால் ஈர்ப்பு" என்று இடம் விட்டு அச்சிட்டால் அந்தப் பொருள்தான் முந்திக்கொண்டு வருகிறது.

"அப்படியானால் தற்பாலீர்ப்பு என்று போடலாமே சித்தி? அப்படியும் பார்த்திருக்கிறேன்" என்றான்.

போடலாம், இலக்கணத்தில் தடை இல்லை. தன், என் என்ற சொற்களின் இறுதி னகரம் வல்லினத்துக்கு முன்னால் திரிந்தும் வரும், திரியாமலும் வரும் என்று நன்னூல் இரண்டு வழியையும் திறந்து வைத்திருக்கிறது. தன்பகை, தற்பகை இரண்டும் சரி. "தன்னிடம்" என்ற மயக்கமும் "தற்பால்" என்றால் வராது. ஆனாலும் காது ஒன்று இருக்கிறதே. "தற்" என்று தொடங்கினால் தற்கொலை, தற்பெருமை என்றுதான் மனம் ஓடுகிறது. தற்காப்பு என்ற நல்ல சொல் இருந்தும் அது மூன்றாவதாகத்தான் வருகிறது. ஒரு தாயிடம் மகன் சொல்லும் சொல்லில் அந்த முதல் சொல்லின் நிழல் விழுவதை நான் விரும்பவில்லை.

வேறு வழி, தன்பாலின ஈர்ப்பு. "பாலினம்" என்று வந்துவிட்டால் "தன்னிடம்" என்ற பொருளுக்கு இடமே இல்லை. பால் என்பது உடல், பாலினம் என்பது சமூகம் பார்க்கும் அடையாளம் என்று வேறுபடுத்துகிறவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. என் முடிவு இதுதான்: கட்டுரையில் முதல் முறை வரும்போது தன்பாலின ஈர்ப்பு, பொருள் நிலைத்த பிறகு தன்பாலீர்ப்பு, எப்போதும் சேர்த்தே எழுத வேண்டும். தலைப்பில் இடம் போதாது என்று உதவி ஆசிரியர்கள் சொல்லும் சாக்கும் நிற்காது. ஓரினச்சேர்க்கைக்கு எட்டு எழுத்து, தன்பாலீர்ப்புக்கு ஏழு. எண்ணியே பார்த்துவிட்டேன்.

எனக்கு இந்தச் சொல்லில் பிடித்தது பின்பாதி. ஈர்ப்பு என்பது எல்லோருக்கும் பள்ளியிலேயே அறிமுகமான சொல், புவியீர்ப்பு. மாங்காய் காம்பிலிருந்து விடுபட்டால் கீழே வருகிறது, அதை யாரும் குற்றம் சொல்வதில்லை, சகவாசம் சரியில்லை என்பதில்லை. "விருப்பம்" என்று போட்டிருந்தால், இதை விட்டு வேறொன்றை விரும்பக் கூடாதா என்று அக்கா கேட்பாள். ஈர்ப்பை அப்படிக் கேட்க முடியாது.

முன்பாதியில் உள்ள "பால்" என்ற சொல்லுக்கும் ஆழம் உண்டு. தொல்காப்பியக் களவியலில் தலைவனையும் தலைவியையும் எதிர்ப்பட வைப்பது "பாலது ஆணை". அங்கே பால் என்றால் ஊழ். அந்த நூற்பா ஆண் பெண் காதலைத்தான் பேசுகிறது, அதில் இல்லாததை நான் ஏற்றிச் சொல்லவில்லை. ஆனால் யார்மேல் மனம் போகும் என்பது நம் கையில் இல்லை என்ற எண்ணத்துக்குத் தமிழ் அத்தனை காலத்துக்கு முன்பே வைத்த பெயர் பால் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். அவனுக்கும் அதைச் சொன்னபோது முகம் தெளிந்தது.

ஒருபாலீர்ப்பை அதிக நேரம் பேசவில்லை. "ஒருபால் கோடாமை" என்று குறள் சொல்வதில் ஒருபால் என்றால் ஒரு பக்கம். பக்கம் சாய்வது என்ற வாடை வந்துவிடுகிறது. தர்க்கமும் இடிக்கிறது. பெண்ணை மட்டும் விரும்பும் ஆணுக்கும் ஈர்ப்பு ஒரு பாலிடம்தானே?

"கே" என்ற சொல்லைத்தான் அவன் நண்பர்களோடு பேசும்போது பயன்படுத்துகிறான். அவனுக்கு அது இயல்பாக வருகிறது, அதில் வெட்கமோ வலியோ இல்லை. அதை விட்டுவிடச் சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் அக்காவுக்கு "கே" என்றால் பாளையங்கோட்டை கே.டி.சி. நகர். ஓரெழுத்தாகக் காதில் விழுந்து, பொருள் இல்லாமல் நின்றுவிடும். பெண்களுக்கு வேறு சொல், ஆண்களுக்கு வேறு சொல் என்று இன்னொரு விளக்கமும் தேவைப்படும்.

அழகான சொற்கள் என்று சிலர் நங்கை, நம்பி என்று வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பெண்ணை விரும்பும் பெண் நங்கை, ஆணை விரும்பும் ஆண் நம்பி. நல்ல மனத்தோடு செய்த முயற்சி. எங்கள் பக்கத்தில் செல்லாது. திருக்குறுங்குடியில் நின்ற நம்பி, இருந்த நம்பி, கிடந்த நம்பி, திருப்பாற்கடல் நம்பி, மலைமேல் நம்பி என்று ஐந்து நம்பி எழுந்தருளியிருக்கிறார்கள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு வாழும் பெரியவர்களும் பிள்ளைகளும் எத்தனை பேர்! போதாததற்கு, பிறந்தபோது குறித்த பாலிலிருந்து மாறி வாழ்பவர்களுக்கான திருநங்கை, திருநம்பி என்ற சொற்களோடு குழம்பும். அந்தக் குழப்பம் இப்போதே இருக்கிறது. ஆணை விரும்பும் ஆண் என்றால் பெண்ணாக மாற நினைக்கிறான் என்று எண்ணுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. தான் யார் என்பது ஒன்று, யார்மேல் மனம் போகிறது என்பது வேறொன்று. இதைப் பிரித்துக் காட்டாத சொல் இரண்டு பேருக்கும் தீங்கு செய்கிறது.

பால்புதுமையர் என்ற சொல்லை அவன்தான் ஆசையோடு எழுதினான். சென்னைப் பேரணியில் அந்தச் சொல் எழுதிய பதாகையைப் பிடித்திருக்கிறான். தன்பாலீர்ப்பு உள்ளவர், இருபாலீர்ப்பு உள்ளவர், திருநர் எல்லோரையும் ஒரு குடைக்குள் அழைக்கிற சொல். இதற்கு ஒரு வரலாறும் உண்டு. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் விரிவான ஆணை பிறப்பித்தார். தீர்ப்பு எழுதும் முன் தனக்கே இது பற்றிப் புரிதல் வேண்டும் என்று உளவியல் வல்லுநரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டவர் அவர். பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைகளுக்கு அந்த ஆணை தடை விதித்தது. அதே வழக்கின் தொடர்ச்சியாகத்தான் மரியாதையான தமிழ்ச் சொற்களின் பட்டியல் கேட்கப்பட்டு, 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசிதழில் சொற்களஞ்சியம் வெளியானது. பால்புதுமையர் என்ற சொல்லும் அதில் இடம்பெற்றது. அரசு ஒரு மக்களை எந்தச் சொல்லால் அழைக்க வேண்டும் என்று அச்சிட்டுத் தந்தது சின்ன விஷயம் அல்ல. ஊனமுற்றோர் என்று எழுதி வந்த கை மாற்றுத்திறனாளி என்று எழுதப் பழகியதை என் மேசையிலேயே பார்த்தவள் நான்.

ஆனால் கல்லிடைக்குறிச்சி அடுக்களையில்? "ஊரில் இல்லாத புதுமை" என்று ஒரு வழக்கு எங்களிடம் உண்டு. பாராட்டாக அதை யாரும் சொன்னதில்லை. புதுமை என்ற சொல்லைக் கேட்ட உடனே அக்காவின் வாயில் அதுதான் வரும். கூட்டமாக நின்று தலை நிமிர்த்திச் சொல்ல அது நல்ல சொல். தனியாகத் தாயின் முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு அது கை கொடுக்காது. அவனும் சிறிது நேரம் யோசித்துவிட்டுத் தலையசைத்தான்.

ஆளைக் குறிக்க "ஈர்ப்பாளர்" வேண்டாம் என்று மட்டும் பிடிவாதமாகச் சொன்னேன். பேச்சாளர் பேசுகிறவர், எழுத்தாளர் எழுதுகிறவர், அப்படியானால் ஈர்ப்பாளர் ஈர்க்கிறவர் என்று ஆகிவிடும். "தன்பாலீர்ப்பு உள்ளவர்" என்றால் போதும். உயரம் உள்ளவர், இரக்கம் உள்ளவர் என்பதுபோல, ஒரு மனிதரிடம் உள்ள பலவற்றில் ஒன்று.

இவ்வளவும் பேசியபின் அவன் கேட்டான்: "சொல்லே இல்லாமல் சொல்லிவிட்டால் என்ன?"

சரியான கேள்வி. எனக்கும் அதுவே முதலில் தோன்றியது. அக்காவிடம் பெயர்ச்சொல்லைக் கொண்டுபோய் வைப்பதைவிட, வாக்கியத்தைச் சொல்வதுதான் நல்லது. "அம்மா, எனக்கு ஆண்கள் மேல்தான் மனம் போகிறது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டால் அவள் வாழ்க்கையையும் கெடுத்தவன் ஆவேன்." இதில் அவளுக்குத் தெரியாத சொல் ஒன்றும் இல்லை. பெண்ணைப் பெறாவிட்டாலும், இன்னொரு வீட்டுப் பெண்ணின் கண்ணீருக்கு அஞ்சுகிறவள் அக்கா.

ஆனால் சொல் இல்லாமல் விட்டுவிடவும் முடியாது. அவன் சொல்லிவிட்டுச் சென்னைக்கு ரயில் ஏறிவிடுவான். அவள் தனியாக இருப்பாள். நாளைக்கு அத்தானிடம் சொல்ல வேண்டும், மருத்துவர் யாரையாவது கேட்கத் தோன்றும், நாளிதழில் தேடத் தோன்றும். கையில் ஒரு சொல்லை நாம் கொடுக்காவிட்டால், வழியில் கிடக்கும் சொல்லை எடுத்துக்கொள்வாள். அது ஓரினச்சேர்க்கையாக இருக்கும், அல்லது எங்கள் ஊர் எல்லாவற்றுக்கும் வைத்திருக்கும் "ஒரு மாதிரி" என்ற இரண்டு சொல்லாக இருக்கும். "அவன் ஒரு மாதிரி" என்று சொல்லிச் சொல்லியே எத்தனை பிள்ளைகளை ஊரைவிட்டு அனுப்பியிருக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்றே தன் நோய்ப் பட்டியலிலிருந்து இதை நீக்கிவிட்டது என்பதும் அவளுக்குத் தெரிய வேண்டும். சரியான சொல் கையில் இருந்தால், கேட்கப் போகும் இடத்தில் சரியான பதில் கிடைக்க வாய்ப்பு உண்டு. சிகிச்சை என்று சொல்லிப் பணம் பிடுங்குகிறவரை அவளால் அடையாளம் காண முடியும்.

அதனால் முடிவு இப்படி ஆயிற்று. முதலில் வாக்கியம். அவள் அழுது முடித்து, "இதற்கு என்னப்பா பெயர்?" என்று கேட்டால், அப்போது தன்பாலீர்ப்பு. நண்பர்களோடு அவனுடைய "கே" அப்படியே இருக்கட்டும், பேரணியில் பால்புதுமையர். என் மேசைக்கு வரும் மெய்ப்புகளில் இனி ஓரினச்சேர்க்கை என்று கண்டால் அடித்துவிட்டு ஓரத்தில் தன்பாலின ஈர்ப்பு என்று எழுதுகிறேன். இதுவரை இரண்டு ஆசிரியர்கள் ஏற்றுக்கொண்டார்கள், ஒருவர் பழையபடியே அச்சிட்டார்.

"போய்ச் சொல்லு ஐயா. நான் நாளைக் காலையில் முதல் பஸ்ஸில் வருகிறேன்" என்று அனுப்பினேன்.

அவன் அன்றிரவே சொல்லிவிட்டான். மறுநாள் நான் போனபோது அக்கா பேசவில்லை. மத்தியானம் வரைக்கும் தேங்காய் துருவிக்கொண்டே இருந்தாள், மூன்று பேருக்கு அத்தனை தேங்காய் தேவையே இல்லை. சாப்பிட்டு முடித்தபிறகு என்னைப் புழக்கடைக்குக் கூப்பிட்டாள். பேனாவும், வரன் பக்கம் கத்தரித்து மீந்த நாளிதழ்த் துண்டும் கையில் இருந்தன.

"அவன் ஏதோ சொன்னானே, அந்தச் சொல்லை எழுதிக் கொடு. அத்தானிடம் சொல்லும்போது தப்பாகச் சொல்லிவிடக் கூடாது."

எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு, "ஆச்சிக்கு இது புரியாது. அவளிடம் என்ன சொல்ல?" என்று கேட்டாள். ஆச்சிக்கு 86 வயது, காதும் மந்தம். அதற்கு என்னிடம் சொல் இல்லை. அக்கா, அவன், நான் மூன்று பேரும் புழக்கடைப் படியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தோம்.